துடைப்பமும் திருக்கல்லறையும்

புனித வெள்ளியன்று நம் ஆலயங்களில் எடுக்கப்படும் காணிக்கை புனித நாட்டிற்கென்று அனுப்பப்படுவதை நாம் அறிவோம். பங்குத் தந்தை ஒற்றை வரியில் அதை அறிவித்துவிட்டுச் செல்வார். நாமும் சிலுவையை முத்தி செய்யச் செல்லும் வழியில் இயன்றதை இட்டுவிட்டுத் திரும்புவோம். அப்பணம் யாருக்குப் போகிறது, எதற்காகப் போகிறது என்று கேட்டவர் நம்மில் சிலரே. எருசலேமில் ஆண்டவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தின்மீது எழுந்துள்ள கோவிலையும், பெத்லகேம், நாசரேத்து முதலிய இடங்களின் திருத்தலங்களையும் கத்தோலிக்கத் திருச்சபையின் சார்பில் காத்துவரும் பிரான்சிஸ்கன் துறவியருக்கே அதன் பெரும்பகுதி சேர்கிறது. "காத்துவரும்" என்ற சொல்லை எளிதாக எழுதிவிட்டேன். யாரிடமிருந்து காக்கிறார்கள் என்று கேட்டால், விடையில் பாதி நமக்குப் பெருமை தருவதாக இல்லை.

அந்தக் கோவிலின் வாயிலுக்கு முன்னால் கல் பாவிய முற்றம் ஒன்று உள்ளது. அதைப் பெருக்கும் உரிமை கிரேக்க ஆர்த்தடாக்ஸ் துறவியருக்கு உரியது. வாயிலின் வலப்புறத்தில் சில படிகள் ஏறினால் வியாகுல மாதா சிற்றாலயத்தை அடையலாம். 'பிராங்கியர் சிற்றாலயம்' என்பது அதன் பழைய பெயர். அச்சிற்றாலயமும் அதன் படிகளும் இலத்தீன் கத்தோலிக்கரான பிரான்சிஸ்கன் துறவியரின் பொறுப்பில் உள்ளவை. அடிப்படியோ முற்றத்தின் தளத்திலிருந்து சிறிதளவே உயர்ந்திருந்தது. அது படியா, முற்றமா? படியென்றால் பெருக்க வேண்டியவர் பிரான்சிஸ்கன் துறவி. முற்றமென்றால் கிரேக்கத் துறவி. 1901ஆம் ஆண்டு நவம்பரில் இந்தக் கேள்விக்கு இரு தரப்பாரும் கையாலும் கல்லாலும் தடியாலும் விடை தேடினர். துறவியர் பலர் இரத்தம் சிந்தினர். ஐரோப்பிய அரசுகளின் தூதரகங்கள் தலையிட வேண்டியதாயிற்று. உயிர்த்த ஆண்டவரின் கல்லறை வாயிலில், ஒரே படியைப் பெருக்குவதற்காக, குருதி சிந்தும் அளவுக்கு நடந்த சண்டை இது.

இதைப் படித்துச் சிரிப்பவர் சிரிக்கலாம். ஆனால் அந்தத் துறவியர் மூடர்களல்லர். அந்தத் துடைப்பத்தில் ஒரு சட்டமே அடங்கியிருந்தது. அச்சட்டம் எப்படி உருவாயிற்று என்று அறியக் கல்லறையின் கதையையே தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

அது இரவல் கல்லறை. அரிமத்தியா யோசேப்பு தமக்கென்று பாறையில் குடைந்து வைத்திருந்ததை ஆண்டவருக்குக் கொடுத்தார் என்பது நற்செய்தி. அது நகருக்கு வெளியே, ஒரு தோட்டத்தில், சிலுவையில் அறைந்த இடத்தின் அருகிலேயே இருந்தது என்கிறார் யோவான். இன்றைய கோவிலோ எருசலேம் பழைய நகரின் மதில்களுக்கு உள்ளே உள்ளது. இதைக் கண்டு ஐயுற்றவர் பலர். ஆங்கிலேயப் படைத்தலைவர் சார்லஸ் கார்டன் 1883இல் நகரின் வடக்கு மதிலுக்கு வெளியே மண்டை ஓட்டைப் போன்ற ஒரு பாறையைக் கண்டார். உண்மையான கொல்கொதா அதுவே என அவர் உறுதியாக நம்பினார். அதனருகே உள்ள கல்லறைத் தோட்டத்தை 1894இல் ஒரு பிரித்தானியச் சங்கத்தார் விலைக்கு வாங்கினர். அழகும் அமைதியும் நிறைந்த இடம் அது. புராட்டஸ்டண்டுச் சகோதரர் பலர் இன்றும் அங்கே சென்று செபிக்கின்றனர். ஆயினும் அக்கல்லறை ஆண்டவரின் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே குடையப்பட்டது என்று தொல்லியலார் கேப்ரியல் பர்க்காய் ஆராய்ந்து காட்டியுள்ளார். புதிய கல்லறை என்ற நற்செய்திக் கூற்றோடு அது பொருந்தவில்லை. மதில் பற்றிய ஐயத்திற்கும் விடை உண்டு. ஆண்டவர் சிலுவையில் அறையுண்டபோது இவ்விடம் மதிலுக்கு வெளியேதான் இருந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஏரோது அகிரிப்பா மூன்றாம் மதிலை எழுப்பத் தொடங்கியபோதுதான் அது நகருக்குள் வந்தது. பிற்காலத்தில் ஒரு கல்லறையைப் புனைந்து காட்ட நினைப்பவர் நகரின் நடுவே கொண்டுபோய் வைப்பாரா?

135ஆம் ஆண்டில் யூதர் கிளர்ச்சியை ஒடுக்கிய பின்னர், ஹேட்ரியன் பேரரசன் எருசலேமை ஏலியா கப்பிட்டோலினா என்ற உரோமை நகராக மாற்றினான். கல்லறை இருந்த இடத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் வீனஸ் தெய்வத்திற்குக் கோவில் கட்டப்பட்டது என்று எழுதுகிறார் செசரியா ஆயர் யூசேபியு. மறைப்பதற்காகக் கொட்டிய மண்ணே இருநூறு ஆண்டுகள் அவ்விடத்திற்கு அடையாளமாயிற்று. கான்ஸ்டன்டைன் பேரரசர் 325, 326 ஆண்டுகளின் காலத்தில் அம்மேட்டை அகற்ற ஆணையிட்டார். எருசலேம் ஆயர் மக்காரியுவுக்கு அவர் எழுதிய மடலில், உலகின் எல்லாக் கோவில்களிலும் சிறந்ததாக இது அமைய வேண்டும் என்று கேட்டிருந்தார். அவருடைய அன்னை புனித எலேனாவின் திருப்பயணமும் அக்காலத்தையொட்டியதே. கல்லறையைச் சுற்றியிருந்த பாறை முழுவதும் வெட்டி நீக்கப்பட்டது. குகை மட்டும் தனித்து நின்றது. அதைச் சூழ வட்ட மண்டபமும், கிழக்கே பெருங்கோவிலும், இரண்டுக்கும் இடையே கொல்கொதாப் பாறை நிற்கும் திறந்த முற்றமும் அமைந்தன. 335 செப்டம்பரில் கோவில் நேர்ந்தளிக்கப்பட்டது.

மேற்றிசையிலிருந்து வந்த எஜேரியா என்ற திருப்பயணிப் பெண்மணி 381 முதல் 384 வரையிலான காலத்தில் அங்கே தங்கித் தாம் கண்டதையெல்லாம் எழுதி வைத்துள்ளார். புனித வெள்ளியன்று ஆயர் சிலுவை மரத்தை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு அமர்ந்திருப்பார். மக்கள் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து, நெற்றியாலும் கண்களாலும் தொட்டு, முத்தி செய்து கடந்து செல்வர். திருத்தொண்டர் சுற்றிலும் காவல் நிற்பர். ஏன் காவல்? யாரோ ஒருவர் முத்தி செய்வதுபோல் குனிந்து பல்லால் ஒரு துண்டைக் கடித்துத் திருடிச் சென்றாராம்! நம் பங்குக் கோவில்களில் இன்றும் நாம் செய்யும் சிலுவை ஆராதனை அந்த முற்றத்திலிருந்து வந்ததே. 'எனக்கு, எனக்கு மட்டும்' என்ற ஆசையும் அவ்வளவு பழமையானதே.

614இல் பாரசீகர் எருசலேமைப் பிடித்துக் கோவிலுக்குத் தீயிட்டனர். சிலுவையையும் எடுத்துச் சென்றனர். ஹெராக்ளியு பேரரசர் 630இல் அதை மீட்டு வந்தார். எட்டே ஆண்டுகளில் நகரம் அரபியர் வசமாயிற்று. கலீபா உமர், முதுபெரும் தந்தை சொஃப்ரோனியுவுடன் கோவிலில் இருந்தபோது தொழுகை நேரம் வந்ததாம். உள்ளேயே தொழலாம் என்று முதுபெரும் தந்தை கூறியும் அவர் மறுத்தார். வெளியே கிழக்கு வாயிற்படியில் தனியே தொழுதார். "நான் இங்கே தொழுதால், உமர் தொழுத இடம் என்று சொல்லி என் மக்கள் இதை உம்மிடமிருந்து எடுத்துக்கொள்வர்" என்பது அவர் சொன்ன காரணத்தின் கருத்து. இதை எழுதி வைத்தவர் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்சாந்திரியாவின் கிறிஸ்தவ முதுபெரும் தந்தை யுத்திக்கியு. ஓரிடத்தில் ஒருமுறை செய்த வழிபாடு நாளை உரிமையாக மாறிவிடும் என்பதை உமர் அறிந்திருந்தார். அறிந்ததால் விலகி நின்றார். பின்னாளில் இதே கோவிலில் கிறிஸ்தவர்களாகிய நாம் இதே உண்மையை அறிந்து அதற்கு நேர்மாறாக நடந்துகொண்டோம்.

1009இல் எகிப்தை ஆண்ட ஃபாத்திமியக் கலீபா அல்-ஹாக்கிமின் ஆணையால் கோவில் இடிக்கப்பட்டது. கல்லறைக் குகையையும் உளிகொண்டு தகர்த்தனர். பின்னர் பைசாந்தியப் பேரரசர் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் காலத்தில், 1048 அளவில், வட்ட மண்டபம் மட்டும் எழுந்தது. கிழக்கே இருந்த பெருங்கோவில் மறுபடி எழவே இல்லை.

அடுத்து வருவது நம்மவர் காலம். 1099 ஜூலை 15 அன்று சிலுவைப் போர் வீரர்கள் எருசலேமைப் பிடித்தனர். முஸ்லிம்களையும் யூதர்களையும் ஆண், பெண், குழந்தை என்று பாராமல் வெட்டினர். பின்னர் ஆனந்தக் கண்ணீருடன் திருக்கல்லறைக்கு வந்து முழந்தாளிட்டு நன்றி செலுத்தினர். இதைப் பகைவர் எழுதவில்லை. அவர்களோடு சென்ற வரலாற்றாசிரியர்களே பெருமையோடு எழுதியிருக்கின்றனர். கோவில் இலத்தீன் குருக்களின் கைக்கு வந்தது. நூற்றாண்டுகளாக அங்கே விளக்கேற்றி வந்த கிழக்குத் திருச்சபைத் துறவியர் தம் இடங்களை இழந்தனர். 1101ஆம் ஆண்டு பெரிய சனிக்கிழமையன்று கல்லறையில் வழக்கம்போல் 'புனித நெருப்பு' தோன்றவில்லை. கிரேக்கரையும் அர்மேனியரையும் சிரியரையும் வெளியேற்றியதே காரணம் என்று எண்ணி, அவர்களைத் திரும்ப அழைத்தார்கள் என்று எழுதுகிறார் அர்மேனிய வரலாற்றாசிரியர் எதேசா நகர் மத்தேயு. நெருப்பு பற்றிய கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். கிழக்குச் சகோதரர்களை வெளியே தள்ளியவர் நாம் என்பது மறுக்க இயலாதது. இன்று நாம் காணும் கோவிலின் பெரும்பகுதி சிலுவைப் போராளர் கட்டியது, 1149இல் அவர்கள் நேர்ந்தளித்தது. கல்வாரியையும் கல்லறையையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தவர் அவர்களே. அந்தப் புகழையும் அவர்களுக்குத் தர வேண்டும்.

1187 அக்டோபரில் சலாஹுத்தீன் எருசலேமை மீட்டார். கோவிலை இடித்துத் தரைமட்டமாக்கினால் ஐரோப்பியர் இனி வரமாட்டார்கள் என்று சிலர் அவரிடம் கூறினர். வேறு சிலர் உமரின் முன்மாதிரியை எடுத்துக்காட்டினர். அவர் உமரைப் பின்பற்றினார். இலத்தீன் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். கிழக்குத் திருச்சபையார் தங்கினர். 1192 உடன்படிக்கைக்குப் பின் சால்ஸ்பரி ஆயர் ஹூபர்ட் வால்டர் வேண்டியதன்பேரில் இரண்டு இலத்தீன் குருக்களும் இரண்டு திருத்தொண்டர்களும் அங்கே வழிபாடு நடத்த அனுமதி பெற்றனர். இரட்டை வாயிலில் ஒன்று கல்லால் அடைக்கப்பட்டது இக்காலத்தில்தான் என்பர். மற்ற வாயிலின் திறவுகோல் ஒரு முஸ்லிம் குடும்பத்திடமும், கதவைத் திறந்து மூடும் பொறுப்பு மற்றொரு முஸ்லிம் குடும்பத்திடமும் இன்றும் உள்ளன. ஜூதே குடும்பத்தார் சலாஹுத்தீன் காலத்திலிருந்தே திறவுகோலைக் காப்பதாகக் கூறுகின்றனர். நுசைபே குடும்பத்தார் தம் உரிமை உமரின் காலத்தது என்கின்றனர். கிறிஸ்தவர் தமக்குள் ஒருவரையொருவர் நம்பாததால் திறவுகோலை முஸ்லிம்களிடம் ஒப்படைத்தனர் என்று சொல்வது வழக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையன்று. கதவைத் தன் கையில் வைத்திருப்பது ஆள்பவரின் அதிகாரத்திற்கு அடையாளம். திருப்பயணிகளிடம் நுழைவு வரி வாங்குவதற்கும் அது வழி. அவ்வரி பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நீடித்தது.

அசிசி புனித பிரான்சிஸ் 1219இல் போர்க்களத்தைக் கடந்து சென்று எகிப்தியச் சுல்தான் அல்-காமிலைச் சந்தித்தார். கையில் வாளின்றிச் சென்ற அவருடைய மக்களே இறுதியில் திருக்கல்லறையில் இலத்தீன் திருச்சபைக்கு இடம் பெற்றுத் தந்தனர். நேப்பிள்ஸ் அரசர் இராபர்ட்டும் அரசி சாஞ்சாவும் எகிப்தியச் சுல்தானிடம் பெரும்பொருள் செலவிட்டு அவ்வுரிமையைப் பெற்றனர். திருத்தந்தை ஆறாம் கிளமெண்ட் 1342இல் பிரான்சிஸ்கன் சபையினரைப் புனித இடங்களின் காவலராக நியமித்தார். நம் புனித வெள்ளிக் காணிக்கையின் வேர் இங்கே இருக்கிறது. நாம் தவக்காலத்தில் பாடிச் செல்லும் சிலுவைப்பாதையை உலகெங்கும் பரப்பியவர்களும் இவர்களே. அதன் பதினான்கு நிலைகளில் கடைசி ஐந்தும் இந்தக் கோவிலுக்குள்ளேயே உள்ளன.

1517இல் ஓட்டோமான் துருக்கியர் வந்தனர். கிரேக்கத் திருச்சபையார் அப்பேரரசின் குடிமக்கள். இலத்தீன் துறவியருக்கோ வெனிசும் பிரான்சும் துணை. இருவரும் சுல்தானின் அவையில் பணமும் செல்வாக்கும் செலவிட்டு ஃபிர்மான் எனப்படும் அரசாணைகளை வாங்கினர். 1676இல் ஆணை கிரேக்கருக்குச் சார்பாயிற்று. 1690இல் பிரான்சின் செல்வாக்கால் இலத்தீனருக்குச் சார்பாயிற்று. 1757இல் குருத்தோலை ஞாயிற்றையொட்டி மூண்ட கலவரத்திற்குப் பின் மீண்டும் கிரேக்கருக்குச் சாய்ந்தது. ஏழைகளின் காணிக்கைக் காசு இரு தரப்பிலிருந்தும் ஒரே கருவூலத்திற்குப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வோர் ஆணையையும் அடுத்த ஆணை அழித்தது.

1808ஆம் ஆண்டுத் தீ எல்லாவற்றையும் மாற்றியது. வட்ட மண்டபத்தின் மேற்கூரை எரிந்து விழுந்தது. ஐரோப்பா முழுவதும் நெப்போலியனின் போர்களில் மூழ்கியிருந்த நேரம் அது. இலத்தீன் துறவியருக்குக் கைகொடுக்க எந்தக் கத்தோலிக்க அரசும் ஓய்வாக இல்லை. கிரேக்கர் தம் மக்களிடம் பணம் திரட்டிச் சுல்தானின் அனுமதி பெற்றுக் கோவிலைச் சீரமைத்தனர். கல்லறைமேல் இன்றுள்ள சிறு மண்டபம், 1810இல் கொம்னெனோஸ் என்ற கிரேக்கக் கட்டடக் கலைஞர் கட்டி முடித்தது. சிலுவைப் போர் மன்னர்களான காட்ஃப்ரே, பால்ட்வின் ஆகியோரின் கல்லறைகள் இச்சீரமைப்புக்குப் பின் காணாமற்போயின. இலத்தீனர் மனத்தில் அது ஆறாத காயம். ஆனால் கோவில் எரிந்து கிடந்தபோது கட்டியவர் யார் என்ற கேள்விக்கு நம்மிடம் விடையில்லை.

கட்டியவனுக்கே உரிமை! இதுதான் அத்துடைப்பத்தில் அடங்கிய சட்டம். புனித இடங்களின் வழக்காறுகளை 1929இல் ஆங்கிலேய அதிகாரி கஸ்ட் என்பவர் தொகுத்து எழுதினார். ஒரு கூரையையோ தளத்தையோ பழுதுபார்க்கும் உரிமை, அதன் தனியுடைமையைக் குறிக்கும். விளக்கைத் தொங்கவிடுவதும், படத்தை மாட்டுவதும், மாட்டியதை மாற்றுவதும் அவ்விடம் தமது என்பதற்குச் சான்று. பெருக்குவதும் அப்படியே. ஒருவர் பெருக்க மற்றவர் வாளாவிருந்தால், அவர் தம் உரிமையை விட்டுக்கொடுத்தவராவார். ஆண்டவரின் இல்லத்தில் செய்யும் தாழ்மையான பணி, அங்கே ஆட்சியுரிமையின் முத்திரையாகிவிட்டது. 1901இல் அந்த அடிப்படியில் நின்ற துறவி தன் பங்கைப் பெருக்கவிட்டால், நாளை இரண்டாம் படி போகும், மறுநாள் சிற்றாலயம் போகும் என்று அஞ்சினார். எதிரே நின்றவரும் அதையே அஞ்சினார்.

இச்சட்டத்திற்கு இறுதி வடிவம் 1852 பிப்ரவரியில் சுல்தான் அப்துல்மெஜித் பிறப்பித்த ஆணையால் கிடைத்தது. 1847இல் பெத்லகேம் குகையில் ஆண்டவர் பிறந்த இடத்தைக் குறித்த, இலத்தீன் எழுத்துகள் பொறித்த வெள்ளி விண்மீன் காணாமற்போனது. கத்தோலிக்கருக்காகப் பிரான்சும், ஆர்த்தடாக்ஸ் மக்களுக்காக உருசியப் பேரரசன் நிக்கோலாசும் சுல்தானை நெருக்கினர். யார் எதை வைத்திருக்கிறாரோ அது அப்படியே இருக்கட்டும் என்றார் சுல்தான். ஸ்டேட்டஸ் குவோ என்று வழங்கும் 'உள்ளது உள்ளபடி' ஒழுங்கு இதுவே. ஆணையால் சண்டை நிற்கவில்லை. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போருக்கு வேறு அரசியல் காரணங்களும் உண்டு. எனினும் அதன் தீப்பொறிகளில் ஒன்று இந்தத் திருத்தலங்களிலிருந்து கிளம்பியதே. 1878ஆம் ஆண்டு பெர்லின் உடன்படிக்கையின் 62ஆம் பிரிவு இவ்வொழுங்கைப் பன்னாட்டு உறுதியாக்கியது. அன்றுமுதல் துருக்கியர், பிரித்தானியர், யோர்தானியர், இஸ்ரயேலர் என ஆட்சிகள் மாறின. ஒழுங்கு மாறவில்லை.

கிரேக்கர், இலத்தீனர், அர்மேனியர் ஆகிய மூவர் பெரிய பங்காளிகள். காப்டிக், சிரிய, எத்தியோப்பியத் திருச்சபையார் சிறு பங்காளிகள். யாரும் எதையும் மாற்றக்கூடாது என்றால், யாரும் எதையும் செப்பனிடவும் இயலாது என்பதே அதன் மறுபக்கம். வாயிலுக்கு மேல் சாளரத்தின் அடியில் சிறு மர ஏணி ஒன்று சாய்ந்திருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டுச் சித்திரத்திலேயே அதைக் காணலாம். பயணிகளுக்கு அது வேடிக்கை. வேடிக்கையல்லாதவையும் உண்டு. 1927 நிலநடுக்கத்தில் கோவில் நலிந்தது. பொறியாளர் வில்லியம் ஹார்வி 1935இல் எச்சரித்தார். மூவரும் உடன்படாததால் பிரித்தானிய அரசு 1947இல் கல்லறை மண்டபத்தை இரும்பு உத்திரங்களால் இறுக்கிக் கட்டி நிறுத்தியது. ஊன்றுகோல் கட்டிய முடவனைப்போல் எழுபது ஆண்டுகள் அது நின்றது.

என் நெஞ்சை மிகவும் உறுத்துவது வேறோர் இடம். வட்ட மண்டபத்தின் மேற்குப் புறத்தில், காப்டிக் துறவியரின் சிறு பீடத்திற்கு எதிரே, ஓர் இருண்ட சிற்றாலயம் உண்டு. சிரியத் திருச்சபையார் ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் அங்கே வழிபடுவர். இடம் தமது என்பர் அர்மேனியர். வழக்கு முடியாததால் செப்பனிட முடியவில்லை. கரிபிடித்த சுவரும் உதிர்ந்த பூச்சுமாக அது நெடுங்காலம் கிடந்தது. அதன் சுவரில் ஒரு துளை. குனிந்து உள்ளே சென்றால் பாறையில் குடைந்த கல்லறைகள் தென்படும். அவை ஆண்டவரின் காலத்து யூதர் கல்லறைகள். யோசேப்பு, நிக்கதேம் ஆகியோர் பெயரால் மரபு அவற்றைக் குறிக்கும். அப்பெயர்களுக்குச் சான்றில்லை. ஆனால் இவ்விடம் அன்று இடுகாடாக இருந்தது, ஆகவே நகர மதிலுக்கு வெளியே இருந்தது என்பதற்கு இதைவிடக் கண்கண்ட சான்று இக்கோவிலில் வேறில்லை. பொன்னும் வெள்ளி விளக்குகளும் மின்னும் பகுதிகள் எத்தனையோ இருக்க, நம் நம்பிக்கைக்குத் துணைநிற்கும் பாறை, பெருக்குவாரற்ற ஓர் அறையின் மூலையில் கிடந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் சண்டைகள் ஓயவில்லை. 1970 உயிர்ப்பு நாளையொட்டி, கூரைமேலுள்ள மடத்தின் சிற்றாலயங்களை எத்தியோப்பியத் துறவியர் பூட்டை மாற்றிக் காப்டிக் துறவியரிடமிருந்து கைப்பற்றினர். 2002 கோடையில் ஒரு காப்டிக் துறவி வெயில் தாங்காமல் தம் நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினார். அது எல்லை மீறலாகக் கொள்ளப்பட்டது. மருத்துவமனைக்குச் சென்றவர் பதினொருவர். 2004இல் திருச்சிலுவை விழாப் பவனியின்போது பிரான்சிஸ்கன் சிற்றாலயக் கதவு திறந்திருந்ததற்காகக் கைகலப்பு. 2008 நவம்பரில் கிரேக்கரும் அர்மேனியரும் அடித்துக்கொண்டதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது.

இதற்கிடையே மெல்ல வேறொன்றும் நடந்துவந்தது. 1959இல் மூன்று பெரிய திருச்சபைகளும் பொதுச் சீரமைப்புக்கு உடன்பட்டன. 1964 ஜனவரியில் திருத்தந்தை ஆறாம் பவுல் எருசலேமுக்கு வந்து கான்ஸ்டான்டிநோபிள் முதுபெரும் தந்தை அத்தெனகோராசைத் தழுவிக்கொண்டார். மறு ஆண்டு இறுதியில், 1054இன் பரஸ்பரச் சாபங்கள் நீக்கப்பட்டன. ஆயினும் கல்லறைக்கு மேலுள்ள பெருங்குவிமாடத்தின் உட்புறத்தை எப்படி அலங்கரிப்பது என்று முடிவுசெய்யப் பல்லாண்டுகள் ஆயின. எந்த மரபின் புனிதரையும் வரையாமல், பன்னிரு பொற்கதிர்கள் மட்டும் விரியும் வடிவத்திற்கு மூவரும் இசைந்தனர். 1997 ஜனவரியில் அது திறந்து வைக்கப்பட்டது.

2015 பிப்ரவரியில் கல்லறை மண்டபம் இடியும் நிலையில் உள்ளது என்று இஸ்ரயேல் காவல்துறை சில மணி நேரம் கல்லறைக்குச் செல்லும் வழியை அடைத்தது. அடுத்த ஆண்டு மூவரும் கையெழுத்திட்டனர். செலவில் மூவருக்கும் பங்கு. யாரும் தனியே கட்டாததால் யாருக்கும் தனி உரிமை சேராது. யோர்தான் மன்னரான அப்துல்லா என்ற முஸ்லிமும் தம் சொந்தப் பணத்தில் உதவினார். ஏதென்சு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை அந்தோனியா மொரோபூலு பணியை நடத்தினார். 2016 அக்டோபர் 26 அன்று ஆண்டவரின் உடல் கிடத்தப்பட்ட இடத்தை மூடியிருந்த பளிங்குப் பலகை நகர்த்தப்பட்டது. கீழே சிலுவை பொறித்த, விரிசல் கண்ட மற்றொரு பலகை. அதற்கும் கீழே வெறும் சுண்ணாம்புப் பாறை. அறுபது மணி நேரம் திறந்திருந்தது, பின்பு மூடப்பட்டது. அடிப்பலகையின் கீழிருந்த சாந்து 345ஆம் ஆண்டளவினது என்று ஆய்வில் தெரிந்தது. கான்ஸ்டன்டைன் காலத்தார் மூடிய அதே இடம்தான் இது. ஹாக்கிமின் உளிகளுக்குத் தப்பிய குகைச் சுவரின் பகுதிகளும் பளிங்குக்குப் பின்னால் நின்றிருந்தன. 2017 மார்ச்சில் பணி நிறைவுற்றபோது, எழுபதாண்டு இரும்புக் கட்டுகளும் அகன்றிருந்தன.

அடுத்தது தரை. துடைப்பங்களுக்காக அடித்துக்கொண்ட அதே கோவிலின் தளக்கற்களைப் பெயர்த்துச் சீர்செய்ய மூவரும் 2019இல் உடன்பட்டனர். 2022 மார்ச்சில் பிரான்சிஸ்கன் காவல் சபையின் பொறுப்பில் பணி தொடங்கியது. கற்களைப் பெயர்த்த இடங்களில் உரோமையிலுள்ள சப்பியென்சா பல்கலைக்கழகத் தொல்லியலார் பேராசிரியை ஃபிரான்செஸ்கா ஸ்தாசொல்லாவின் தலைமையில் அகழ்ந்தனர். பழைய கல்வெட்டுக்குழியும், அதை மண்ணிட்டு நிரப்பி விளைநிலமாக்கிய தாழ்ந்த சுவர்களும், ஒலிவ மரம், திராட்சைக் கொடி ஆகியவற்றின் தடயங்களும் தெரியவந்ததாக 2025இல் செய்தி வெளியாயிற்று. யோவான் குறித்த தோட்டம் நினைவுக்கு வராமல் போகாது. தொல்லியலார் அவ்வளவு விரைவில் உறுதிசொல்ல மாட்டார்கள். அது சரியே.

மாலையில் கோவில் சாத்தும் வழக்கம் மட்டும் பழையபடியே நடக்கிறது. மூன்று திருச்சபைகளின் சார்பாளரும் வாயிலில் நிற்கின்றனர். முஸ்லிம் வாயிற்காவலர் வெளியே சிறு ஏணியில் ஏறி மேற்பூட்டைப் பூட்டுகிறார். இறங்கியதும் கதவிலுள்ள சிறு துளை வழியே அந்த ஏணி உள்ளே தள்ளப்படுகிறது. இரவு முழுவதும் கிரேக்க, இலத்தீன், அர்மேனியத் துறவியர் ஒரே கூரையின்கீழ் அடைபட்டிருக்கின்றனர். நள்ளிரவுக்குப் பின் கல்லறையில் முதலில் கிரேக்கரின் வழிபாடு. அது முடிந்ததும் அர்மேனியர். விடியுமுன் பிரான்சிஸ்கன் துறவியரின் திருப்பலி. பிறகு உள்ளிருப்பவர்கள் ஏணியைத் துளை வழியே வெளியே நீட்டுகின்றனர். திறவுகோலோடு வந்தவர் அதைக் கையில் வாங்கிக்கொள்கிறார்.